கமினிஎலி கொடுத்த பல்

சாலையோர மேட்டில் குந்தி, கமினிஎலி டாலோ கிழங்குகளை நான்கு நான்காகச் சேர்த்துத் தண்டோடு கட்டிக்கொண்டிருந்தார். நார்க் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தால்தான் அவருக்கு முடிச்சு இறுகும். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போவது மகள் வசெமதா ஓட்டிவரும் பஸ்ஸில். இரண்டு வருடமாக அந்தத் தடத்துக்கு அவள்தான் டிரைவர். வாரநாட்களில் டவுனில் சித்தி வீட்டில் தங்குவாள்.

பஸ் வந்து நின்றது. அவளுக்குப் பதிலாக ஊர்ப் பையன் சேமி ஓட்டி வந்திருந்தான்.

"வசெமதா எங்கடா?"

சேமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதா மாமா? முதல்ல ஏறுங்க."

பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "டிரைவர் சீட்டு இன்னும் சூடா இருக்கும், பாத்து உக்காரு சேமி!"

பஸ்ஸே சிரித்தது. சர்ச்சில் அவள் பக்கத்தில் நின்று பாடும் பெண்களும் சிரித்தார்கள். மகள் குள்ளம். கால் எட்டுவதற்காகப் பூத்துணியில் மெத்தை தைத்துச் சீட்டில் போட்டிருந்தாள். அது இப்போது படிக்கட்டு ஓரம் கிடந்தது, மேலே செருப்புத் தடம். கமினிஎலி கிழங்கோடு ஏறி, டவுன் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.

சித்தி வீட்டில் வசெமதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போனைக் காட்டினாள். 'ஊர் உண்மை' என்று ஒரு பக்கம். பக்கத்தை நடத்துகிறவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒரு இளநீர்க் காய். கீழே துணியில்லாத ஒரு உடம்பு. கழுத்துக்கு மேல் மட்டும் மகளின் முகம். முதலாளியோடு படுத்துத்தான் ஸ்டீயரிங் பிடித்தாள் என்று எழுதியிருந்தது.

"அது என் உடம்பு இல்லப்பா."

"எனக்குத் தெரியாதா? அதை மூடு."

ஸ்டேஷனுக்குப் போனார். போலீஸ்காரன் கொட்டாவி விட்டான். "பேரைச் சொல்லுங்க பெரியவரே. இளநீரையா கைது பண்றது?"

பஸ் முதலாளி நரேஷ் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். "என் பொண்டாட்டி ரெண்டு நாளா எனக்குச் சோறு போடல. பாதிப் பேர் வேற பஸ்ஸுல போறாங்க. நல்ல டிரைவர் பெரியவரே, இல்லேங்கல. உங்க ஊர்த் தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், விஷயம் தீந்துபோச்சுன்னு. திங்கக்கிழமை சாவி அவ கையில."

கமினிஎலி நான்காவதோடு படிப்பை விட்டவர். ஆனால் அந்தத் தீவு வழக்கப்படி ஒரு விஷயம் எப்படித் தீரும் என்பது அவருக்குத் தெரியும். தப்பு செய்தவன் வீட்டு மனிதர்கள் திமிங்கிலப் பல்லோடு வந்து முட்டிபோடுவார்கள். பல்லை வாங்கிக்கொண்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. அடிதடிக்கும் பார்த்திருக்கிறார், ஒரு சாவுக்குக்கூடப் பார்த்திருக்கிறார். இதற்குப் பல் கொண்டுவர வேண்டியவனுக்கு முகம் இல்லை, வீடு இல்லை. அப்படியானால் தானே கொண்டு போவது என்று முடிவு செய்தார். மகளை ஊருக்குக் கூட்டிவந்தார்.

"நாம கொண்டு போனா நாம தப்பு செஞ்சதா ஆயிடும்பா."

"பல்லு போச்சுன்னா பேச்சும் போச்சு. நீ நேத்துப் பிறந்தவ."

"வீட்டுல இருக்கறது என் கல்யாணத்துக்குன்னு அம்மா வெச்ச பல்லு."

"வண்டி வேணுமா வேண்டாமா உனக்கு?"

எண்ணெய் தடவித் துடைத்து அவளே பல்லை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பகலில் தலைவர் வீட்டுப் பாயில் பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சொந்தக்காரர்கள். கமினிஎலி வாசலிலிருந்தே முட்டியால் நகர்ந்து போனார். பல்லை இரண்டு கையாலும் ஏந்தித் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கு வந்த வெட்கத்துக்கு மன்னிப்புக் கேட்டார். தலைவர் பல்லை வாங்கி முகர்ந்தார்.

"வாங்கிக்கிட்டோம். இதோட முடிஞ்சுது. இனிமே எவனும் பேசப்படாது."

பத்துப் பேரும் கைகளைக் குவித்துத் தட்டினார்கள். யங்கோனா வேர்ப் பானம் கலக்கினார்கள்; ஒரே சிரட்டை கைமாறிச் சுற்றி வந்தது. தலைவர் அங்கேயே நரேஷுக்குப் போன் போட்டுச் சொன்னார். கமினிஎலி வீட்டுக்குப் போய், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டார். மகள் தன் டிரைவர் சட்டையை அயர்ன் பண்ணி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் சர்ச் முடிந்து வரும்போது அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். போனை நீட்டினாள்.

போட்டோவில் கமினிஎலி முட்டிபோட்டிருந்தார். கையில் பல். குனிந்த தலையில் வழுக்கை பளபளத்தது. மேலே, 'அப்பனே ஒத்துக்கொண்டான்'. பக்கத்தில் கண்ணாடி மாட்டிய இளநீர்.

"பெரிசாக்கு" என்றார்.

அவள் விரலால் விரித்தாள். படத்தின் கீழ் ஓரத்தில் யங்கோனாக் கிண்ணத்தின் விளிம்பு தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் மடக்கிய ஒரு முட்டி, படம் எடுத்தவனுடையது. சாம்பல் நிற வேட்டி. நேற்றுப் பத்துப் பேரும் சர்ச்சுக்குப் போடும் சாம்பல் நிற வேட்டியில்தான் வந்திருந்தார்கள்.

"யாருப்பா அது?"

அவர் ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தார். தம்பி. மச்சான். தன் மனைவியை அடக்கம் செய்யக் குழி வெட்டியவன். மறுபடியும் முதலிலிருந்து நினைத்தார்.

சாயங்காலம் நரேஷ் போனில் கூப்பிட்டான். "ஏன் பெரியவரே அந்த வேலை செஞ்சீங்க? இப்ப என் பொண்டாட்டியே கேக்குறா, ஒண்ணுமில்லேன்னா எதுக்கு மன்னிப்புன்னு."

வசெமதா ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மடித்தாள். திங்கட்கிழமை முழுக்க அவள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை. கமினிஎலி மேட்டில் கிழங்குக் கட்டுகளோடு நின்றார். பஸ் வந்தது. ஜன்னல் நெடுகத் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. சேமி எழுந்து வந்து மெத்தையைக் கொடுத்தான். துடைத்திருந்தான், ஆனாலும் செருப்புத் தடம் போகவில்லை.

"அவகிட்ட குடுத்துடுங்க மாமா. ஏறுறீங்களா?"

கமினிஎலி மெத்தையை மழை படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். நாலாவது ஜன்னலில் தார்ப்பாய் ஒரு சாண் உயர்ந்தது. உள்ளே இருட்டு. கை மட்டும் வெளியே வந்தது, கையில் ஒரு போன், கேமரா அவர் பக்கம்.