ஒரே வளையத்தில் இரண்டு சாவி

“எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்கம்மா” என்று ஆஸ்பத்திரி ஊழியர் பிளாஸ்டிக் பையைக் கவுண்டர் மேல் மெதுவாகக் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடி, கைபேசி, சாவிக் கொத்து, ஒரு ஜோடி செருப்பு. எல்லாம் சரியாகத்தான் இருந்தன, போட்டுக்கொள்கிற ஆள்தான் இல்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். செருப்பு மட்டும் உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பைக்குள் கணவரின் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ‘ஜட்ஜம்மா’ என்றிருந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜட்ஜம்மா என்பது அவள் கணவர் வைத்த பெயர். பசியோடு வருகிறவர்களுக்குச் சாயங்காலம் இலவசமாகச் சாப்பாடு போடும் சமையற்கூடம் ஒன்றின் தலைமைச் சமையல்காரி அவர். அண்டாவைத் திறந்து பார்த்து அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது என்பார் கணவர். சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்காமல் மிஞ்சுகிற சாமான்களைக் குளிர்பெட்டி வண்டியில் ஏற்றி அந்தக் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் ஓய்வு பெற்ற பிறகு கணவர் தேடிக்கொண்ட உத்தியோகம். சம்பளம் கிடையாது. நெஞ்சு வலி மட்டும் கிடைத்தது.

இன்று காலையும் பெரிய சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில் சாமான் ஏற்றி, பெட்டிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று படியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து ஆம்புலன்சில் இங்கே. அவரோடு சாவியும் வந்துவிட்டது. வண்டி அங்கேயே நிற்கிறது.

சாவிக் கொத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வண்டிச் சாவி ஒன்று. பெட்டிப் பூட்டின் சாவி ஒன்று. அந்தப் பூட்டின் மாற்றுச் சாவியும் அதே வளையத்தில். தொலைந்துவிடக் கூடாது என்று இரண்டையும் சேர்த்து மாட்டிய மகாராசன். மாற்றுச் சாவியை வேறு இடத்தில்தானே வைப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, வேறு இடத்தில் வைத்தால் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டுமே என்றார். அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

மகள் வெளியூரிலிருந்து சாயங்காலம்தான் வந்து சேர்வாள். அதுவரை உடல் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று கொழுந்தன் ஏற்பாடு செய்திருந்தான். வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அழுகிறவர்கள் அழுதார்கள். பெரிய நாத்தனார் இரண்டு தரம் தட்டில் எதையோ போட்டுக்கொண்டு வந்தாள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காலையில் அவருக்குக் காப்பி போட்டபோது தானும் அரை டம்ளர் குடித்தது. அதற்குப் பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஜட்ஜம்மா வாசல் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சமையற்கூடத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், அவளைப் பார்ப்பதும், தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மூன்று பேரும் முள் மேல் இருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்த் தயிர்ப் பெட்டி சாவியைக் கொடு என்று எப்படிக் கேட்பது?

அவளுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக உட்காரட்டும் என்று நினைத்தாள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும்தான் என்று இவர் சொன்னார். ஆளை யார் தேடினார்கள்? ஓசியில் ஒருத்தர் ஓடி ஓடி உழைக்கும்போது யாருக்குத் தேடத் தோன்றும்? அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையைவிட அதுதான் நிறைய வந்தது.

அதைவிடப் பழைய கோபம் ஒன்றும் இருந்தது. வண்டியிலிருந்து இறக்குமுன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைப் பிரித்து ஒரு ஸ்பூன் ருசி பார்ப்பது அவர் பழக்கம். பசித்து வருகிறவனுக்குப் போடுவதைத் தான் முதலில் தின்ன வேண்டும் என்பார். சரி, ஒரு ஸ்பூன்தானே. ஆனால் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் கோழி கொத்துகிற மாதிரி கொத்திவிட்டு எழுந்துவிடுவார். ருசி பார்த்ததில் வயிறு நிறைந்துவிட்டது என்பார். யார் காதில் பூ சுற்றுகிறார்? ஜட்ஜம்மா கையால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்தாள். வாய்விட்டுக் கேட்டதில்லை. மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைப்பாள். ஊரில் மிஞ்சியதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறவர் வீட்டில் தினமும் மிஞ்சியது.

கொழுந்தன் குனிந்து காதோரம் வந்தான்.

“அண்ணி... அண்ணனோட சாமான்லாம் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க.”

அவன் மேலே ஏதோ கேட்க வாயெடுத்து, மென்று முழுங்கிவிட்டு நகர்ந்தான். பின்னால் நின்றவர்களில் ஒருவர் பூட்டை அறுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்பது அவள் காதில் விழுந்தது. ஜட்ஜம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு ஜட்ஜம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தாளித்த வாசனையும் சோப்பு வாசனையும் சேர்ந்து வந்தன. கிட்டத்தில் பார்த்தால் தன்னைவிட வயதானவராகத் தெரிந்தார்.

“நாங்க கெளம்பறோம்க்கா. இன்னைக்கு அரிசி பருப்பு இருக்கு, சமாளிச்சுக்குவோம். நீங்க அதை மனசுல வச்சுக்காதீங்க.”

அவள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“அண்ணன் இருந்தா, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன், அந்தப் பழக்கம்” என்றார் ஜட்ஜம்மா. “எத்தனை வருஷம்! ஒரு நாள்கூட எங்க பந்தியில உக்காந்ததில்ல. நானும் தட்டை வச்சுக்கிட்டு கெஞ்சிப் பாத்துட்டேன். வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு சொல்லிட்டு ஓடிருவாரு.”

அவள் முதல் தடவையாக ஜட்ஜம்மாவை நேராகப் பார்த்தாள்.

“சாப்பிட மாட்டாரா?”

“அந்த ருசி பாக்கறதுதான். அதுவே பெட்டிக்கு ஒண்ணுன்னா பாதி வயிறு ரொம்பிரும் போல.”

பொய் சொல்கிற முகமில்லை. அண்டாவுக்குத் தீர்ப்பு சொல்கிற மாதிரிதான் சொன்னார். அந்த மனிதர் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நிஜத்தை இவ்வளவு நம்ப முடியாதபடி சொல்ல அவரால்தான் முடியும்.

கைப்பையைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள்.

“தம்பி, வா. வண்டியை நீ ஓட்டு.”

பெரிய நாத்தனார் திடுக்கிட்டு எழுந்தாள். “இந்த நேரத்துல எங்க போறே?”

“சாமான் இறக்க” என்று சொல்லிவிட்டு வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தாள்.

சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில், வெயில் பட்ட இடத்திலேயே வண்டி நின்றது. ஆனால் அங்கிருந்த காவலாளி பெட்டியின் கூரை மேல் சாக்குகளை விரித்து, குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நனைக்கிறாராம். யாரும் சொல்லவில்லையாம். அவளைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். அவள் அவருக்குத் தலையசைத்தாள். கணவர் காலையில் உட்கார்ந்த படியைப் பார்க்காமல் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவள் ஏறியது இதுதான் முதல் தடவை. டாஷ்போர்டைத் திறந்தாள். துவைத்து மடித்த கைக்குட்டைக்குள் ஒரு எவர்சில்வர் ஸ்பூன். வீட்டில் எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த ஸ்பூன். வேலைக்காரப் பெண்ணைக்கூட ஒரு வார்த்தை கேட்டிருந்தாள்.

சமையற்கூடத்து முற்றத்தில் வண்டி நின்றது. ஜட்ஜம்மாவும் மற்ற இரண்டு பேரும் முன்பே வந்து காத்திருந்தார்கள். அவளே இறங்கிப் பூட்டைத் திறந்தாள். முதல் சாவியிலேயே திறந்தது. உள்ளே குளிர் முழுக்கப் போயிருக்கவில்லை, ஆனால் இருக்கவேண்டிய அளவும் இல்லை. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரொட்டி, தக்காளி, கோஸ், வாழைப்பழம். அதற்குப் பின்னால் கோழி, பால், தயிர்.

கோழி அடுக்கை அவள் கையால் தள்ளி ஒதுக்கினாள். சிவப்புக் கோட்டைத் தொட்ட இறைச்சியை ருசி பார்க்கிற பேச்சே கிடையாது என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து எத்தனை நாள் சொல்லியிருக்கிறார். சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்ததற்கு இதாவது மிஞ்சியது.

“இது வேண்டாம். குப்பையில போட்டுருங்க. பாலையும்தான். ரொட்டியும் காயும் போகட்டும்.”

ஜட்ஜம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தயிர்ப் பெட்டியைத் தூக்கி வந்து வண்டி விளிம்பில் வைத்துவிட்டு நின்றார். மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். கேட் அருகே பாத்திரங்களோடு ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். யாரும் பெட்டியைத் தொடவில்லை. யாராவது ருசி பார்க்கிற வரைக்கும் தொடமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரு கப்பை எடுத்து மூடியைப் பிரித்தாள். முகர்ந்து பார்த்தாள். கைக்குட்டையிலிருந்து ஸ்பூனை எடுத்து ஒரு வாய் வைத்தாள். குளிர்ச்சி குறைந்திருந்தது. கெட்டியாக, லேசான இனிப்போடு நாக்கில் நின்றது. பிறகு தொண்டைக்குள் இறங்கியது.

“கெடல” என்றாள். “இறக்குங்க.”

ஆட்கள் அசைந்தார்கள். அவளைச் சுற்றிப் பெட்டிகள் போயின. கொழுந்தனின் கைபேசி அடித்தது. அவன் தள்ளிப் போய், வந்துட்டியாம்மா என்று அவள் மகளிடம் பேசினான். அவர் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வாராம். அவள் நிறுத்தவில்லை. வண்டிக் கதவில் சாய்ந்து நின்று கப்பின் அடி வரை வழித்துச் சாப்பிட்டாள். ஸ்பூனைக் கைக்குட்டையில் துடைத்தாள்.

ஜட்ஜம்மா அடுத்த பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“இது வேற கம்பெனிக்கா” என்றார்.

அவள் ஒரு கப்பை எடுத்து மூடியைப் பிரித்தாள்.