மூன்றாம் மாடிக்குப் போகும் மேசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'பெருநகரங்களில் இணைய நிறுவனங்கள் கொத்துக் கொத்தாக முளைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவதாக, திறமையான பணியாளர்கள் எளிதில்

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

காபி குடிக்க இறங்கினேன். எங்கள் தெருவில் மாடிக்கு ஓர் இணைய நிறுவனம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே காபிக் கடை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டுரை அத்தோடு போயிற்று.

2

அவள் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் அண்ணி. காரணம் அவளுடைய நாத்தனார். இருவரும் சேர்ந்து, ஒரு மூன்றாம் மாடியில் குழந்தைகளுக்குச் செல்போனில் கதை சொல்லும் செயலி ஒன்றை நடத்தினார்கள். நாத்தனார் ஆபீசிலும் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட, போட்டி கம்பெனிக்காரர்களுக்குக்கூட அவள் அண்ணியாகிப் போனாள்.

வாடகை ஏறியபோதுதான் வினை வந்தது. ஊருக்கு வெளியே போனால் அதே வாடகைக்கு மைதானம் மாதிரி இடம் கிடைக்கும் என்றாள் அண்ணி.

"இடத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது அண்ணி? ஆளுங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க?" என்றாள் நாத்தனார்.

வார்த்தை தடித்தது. அண்ணி செயலியோடு வெளியேறினாள். நாத்தனார் அதே மூன்றாம் மாடியில் செய்தி வீடியோ கம்பெனி தொடங்கினாள். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் தங்கை என்று மாட்டிக்கொண்ட அண்ணியின் கணவர் மத்தளமானார்.

(முதல் வரைவில் நாத்தனாரை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சொன்னது சரியாகப் போய்விட்டது. சரியாகச் சொல்பவர்களை வில்லியாக்குவது வீட்டில் நடக்கும்; கதையில் நடக்காது.)

3

ஊருக்கு வெளியே நல்ல காற்று வந்தது. ஆள்தான் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, புது செல்போன்களில் செயலிக்குப் பைத்தியம் பிடித்தது. கதை பாதியில் வேகமெடுத்து, ராட்சசன் அணில் போலக் கீச்சிட்டான். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோர்கள் செயலியைத் தூக்கினார்கள். எழுதிக் கேட்ட இடத்திலிருந்தெல்லாம் 'உங்கள் கேள்விக்கு நன்றி' என்றே பதில் வந்தது. இப்படியே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

வேறு வேலையாக எங்கள் தெருவுக்கு வந்த அண்ணி, காபி வரிசையில் தன் புரோகிராமரிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். அவளுக்கு முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் திரும்பினாள்.

"அணில் குரலா? எங்க கேம்லயும் வந்துச்சு. அந்த போன்ல சத்தத்தோட வேகத்தை நாமதான் சொல்லணும், அதுவா கண்டுபிடிக்காது. ஒரே வரிதான்."

புரோகிராமர் அங்கேயே, கடைப் பலகையில் லேப்டாப்பை விரித்து அந்த வரியைச் சேர்த்தார். ராட்சசன் ராட்சசனாகவே உறுமினான். அண்ணி சிரித்த சிரிப்பு அதற்குத்தான்.

(கட்டுரையின் முதல் காரணம் இதுவே. மற்ற இரண்டும் மறந்துவிட்டன.)

4

சிரித்த கையோடு மூன்று மாடி ஏறினாள். ஏறுவதற்குள் ஒரு பேச்சே தயாரித்தாளாம். அதை நாலு விதமாக எழுதி அடித்தேன். அவளுக்கும் அதே கதிதான்: கதவைத் திறந்த நாத்தனாரைப் பார்த்ததும் எல்லாம் பறந்துபோய், "மூலையில கொஞ்சம் இடம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

[நாத்தனார் கண் கலங்கினாள் என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள்.] உள்ளே போய்த் தன் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டாள்.

"ஜன்னல் பக்கமா, சுவர் பக்கமா? இப்பவே சொல்லிடுங்க அண்ணி. அப்புறம் சண்டை வேணாம்."

"ஜன்னல்."

"அது என்னோடது."

5

முடிவு. (அ) இரண்டு கம்பெனியும் ஒன்றாகி, வாசலில் ஒரே பலகை தொங்கலாம். (ஆ) அறை நடுவில் கோடு போட்டு, நாளெல்லாம் இருவரும் அதைத் தாண்டிக்கொண்டே இருக்கலாம். (இ) நாத்தனார் கடைசியில் ஜன்னலை

இல்லை, நான் எழுதுவதாக இல்லை. அண்ணியின் பெரிய மேசை லிப்டில் நுழையாமல், இப்போது இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் சிக்கிக் கிடக்கிறது. ஒரு காலைக் கணவர் பிடித்திருக்கிறார். இன்னொன்றைக் கேம் கம்பெனிப் பெண். மூன்றாவது, இரண்டாம் மாடிக் கம்பெனி முதலாளியின் கையில். பிடித்த பிடியிலேயே அவர் அண்ணியின் புரோகிராமரைத் தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மேலே நின்று நாத்தனார் வலது என்கிறாள். கீழே நின்று அண்ணி இடது என்கிறாள். நாலாவது காலுக்கு ஆளில்லை. எனக்குக் கை ஒழியவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள்தான் இவ்வளவு தூரம் படியேறி வந்துவிட்டீர்களே, சற்றுப் பிடியுங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் அந்த இருவரிடமும் கேட்டுவிடாதீர்கள்.