ஆறு சட்டை போட்ட விமானம்

கடைசல் பட்டறை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் கடைசல்காரர்தான். அலுமினியக் குழாய்களையும் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினையும் சேர்த்து அவர் கட்டிய ஒற்றை ஆள் விமானம், முதல் வருஷம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பறந்தது. தொட்டிக்கு மூடி இல்லை என்பதே அவர் பார்த்து வந்து சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது; அப்புறம்தான் மூடி போட்டார்கள். பிந்திய வருஷங்களில் விமானம் மரங்களின் உச்சியோடு நின்றுகொண்டது. அப்புறம் மாடுகள் தலையைக் குனிந்து வழிவிடும் உயரம். போன வருஷம் மைதானத்தின் கோடி வரை உருண்டு போய், முள்வேலிக்கு முன்னால் மரியாதையாக நின்றுவிட்டது.

எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். பிஸ்டனை மாற்றினார், விசிறியைப் புதிதாகச் செதுக்கினார். இறக்கைத் துணி மட்டும் மச்சான் பொறுப்பு. மனைவியின் தம்பியான அவர் தையல்காரர். இரண்டு மழைக்கு ஒரு தடவை பழைய துணியைப் பிரித்துவிட்டுப் புதுசு தைத்து வார்னிஷ் பூசுவது அவர் வேலை.

இப்போது மகளும் மருமகனும் பிள்ளைகளோடு இங்கேயே வந்து தங்கப் போகிறார்கள். இருப்பதோ இரண்டு அறையும் விமானம் நிற்கும் கொட்டகையும்.

"இந்தத் தடவை எழும்பலைன்னா கொட்டகையைக் காலி பண்ணிடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு, எடையாவது பார்த்து வைப்போம் என்று காயலான் கடைக்காரரையும் வரவழைத்துவிட்டாள்.

கழற்றி வைத்திருந்த இறக்கையைக் கடைக்காரர் தராசில் மாட்டினார். முள் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இரும்பு ஏதாவது உண்டா என்று பணிவாகக் கேட்டார். கட்டிய புதிதில் கடைசல்காரர் ஒற்றைக் கையால் தூக்கிய இறக்கை அது. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு அப்போதே கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கப் போக வேண்டியிருந்தது.

"நில்லு மாப்ளே. பழைய துணியப் பிரிச்சியா இல்லையா?"

"இல்ல மாமா. மேலயே தைச்சுட்டேன்."

"எல்லாத் தடவையுமா?"

"எங்க அக்கா புருஷன் உள்ள உக்காந்திருக்கார். ஒத்தைத் துணிய நம்பி எப்படி மாமா மேல அனுப்புறது?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தார் கடைசல்காரர். மச்சானும் அவ்வப்போது ஏறிச் சுற்றுகிறவர்தான்; அவருக்கு ஒன்றாகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்துவிட்டு அதைவிடத் தடிமனாக ஒன்றைக் கடைந்து மாட்டியவர் யார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. மச்சானின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு இறக்கைப் பக்கம் போனார்.

கடைக்காரரை அனுப்பிவிட்டு, மனைவியும் சேர்ந்து மூன்று பேருமாக உட்கார்ந்து பிரித்தார்கள். மொத்தம் ஆறு துணி. நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு. வார்னிஷ் காயும் முன் சிவப்பின் மேல் ஒரு காக்கை நடந்து போன தடம் அப்படியே இருந்தது. நுனியிலிருந்து நுனி வரை சோதித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டிய காக்கை அது என்று கடைசல்காரர் அன்றைக்கே சாதித்திருந்தார். மஞ்சளில் வட்டமாக ஒரு பதிவு. துணி சுருங்காமல் இழுத்துப் பிடித்தபோது மனைவியின் வளையல் பட்ட இடம். அப்போதெல்லாம் துணி பிடிக்க அவள்தான் வருவாள். அடுப்பில் எதையோ தீய விட்டு வந்து பிடிப்பாள். இப்போது மணிக்கட்டை அந்த வட்டத்தில் வைத்துப் பார்த்தாள். வட்டம் சின்னதாக இருந்தது.

"துணிதான் சுருங்கிருக்கு" என்றார் கடைசல்காரர்.

புதுத் துணியை அவளே இழுத்துப் பிடித்தாள். ஒன்றே ஒன்று. போல்ட்டுகளும் பழைய அளவுக்கே திரும்பின.

மைதானத்தில் விமானம் பாதி தூரம்கூட ஓடவில்லை. சக்கரமும் அதன் நிழலும் பிரிந்ததை முதலில் பார்த்தவள் மனைவிதான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று சுற்றி இறங்கிய கடைசல்காரர், மூடியில் புறா கூடு கட்டியிருப்பதாகத் தெரிவித்தார்.

வீடு திரும்பியதும் மனைவி படுக்கையைச் சுருட்டினாள். பெரிய அறை மகளுக்கு, சின்னது பிள்ளைகளுக்கு என்றாள். நாம் எங்கே என்று கேட்டார் அவர். கட்டிலின் ஒரு பக்கத்தை அவரைத் தூக்கச் சொல்லி, மறுபக்கத்தைத் தானே பிடித்துக் கொட்டகைக்கு நடந்தாள். இறக்கைக்குக் கீழே கட்டில் கச்சிதமாக அடங்கியது.

"இந்தப் பக்கம் தலை வச்சுப் படுங்க. எந்திரிக்கும்போது விசிறியில இடிச்சுக்கப் போறீங்க" என்றாள்.