சல்லடையில் புல்லரிசி

தாலாத்தோ பீப்பாய்த் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். அகழாய்வுக் குழியிலிருந்து வந்த மண் அடியில் தங்கியது. கரியும் கருகிய விதைகளும் மிதந்து வந்தன. லாமுசா அதைச் சல்லடையில் வடித்து, நிழலில் விரித்த துணியில் கொட்டினாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மேட்டில் குடியிருந்தவர்கள் அடுப்பில் சிந்தியது அது.

"செத்தவன் என்ன தின்னான்னு பாக்க நமக்குக் கூலி. நாம என்ன தின்னோம்னு எவன் கேக்கறான்?" என்றாள் லாமுசா.

"கேட்டா என்ன சொல்லுவே? ஆட்டுக்கறின்னா?"

இருவரும் சிரித்தார்கள். சோளக்கதிர் இன்னும் முற்றவில்லை. தாலாத்தோ வீட்டுக் குதிர் காலி. விடியலில் பனி காயுமுன் புல்வெளியில் கதிர்கள்மேல் கூடையை வீசி உதிர்த்து அவள் சேர்க்கிற புல்லரிசிதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி. சுணை போக வறுத்தாலும் மணல் போகாது. சின்னவனுக்கு வயிற்றுவலி. அதனால்தான் நேற்று இந்தச் சல்லடையை இடுப்புத் துணிக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். இவ்வளவு நெருக்கமான கண்ணி ஊரில் யாரிடமும் இல்லை. காலையில் திரும்ப வைத்தாள். உதறித்தான் வைத்தாள்.

மத்தியானம் மேற்பார்வையாளர் கூக்கா, லென்ஸும் கையுமாகத் துணிமேல் குனிந்திருந்தவர், சத்தம் போட்டார். தலைநகர் வாகடூகுவிலிருந்து வந்த படித்த ஆள்.

"காட்டுப் புல்லு விதை! இவ்வளவா! அப்பவே இங்க பஞ்சம் வந்திருக்கு!"

பிறகு ஒன்றை நகத்தால் நசுக்கினார். வெளியே கருப்பு, உள்ளே வெள்ளை மாவு.

"இது புதுசு. யாரு வேலை?"

பீப்பாய்களைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லலேன்னா எல்லாரும் கெளம்புங்க. பக்கத்து ஊர்ல ஆளிருக்கு."

தாலாத்தோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தாங்கய்யா. மணல் சலிக்கச் சல்லடைய எடுத்துட்டுப் போனேன். திருடலங்கய்யா, காலையிலயே கொண்டாந்து வச்சுட்டேன்."

"இன்னைக்குக் கழுவின மண்ணு பூரா பாழ். இனிமே வராத."

"பிள்ளைங்க இருக்குங்கய்யா..."

அவர் அந்த விதையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படி வறுத்த?"

"சட்டியிலங்கய்யா."

"மிச்சம் இருக்கா? பழசோட ஒப்பிட்டுப் பாக்கணும். கொண்டா."

"ஓடுடி, மனசு எறங்கிட்டாரு போல" என்று லாமுசா அவள் முதுகில் தட்டினாள்.

தாலாத்தோ மூச்சிரைக்கச் சுரைக்குடுக்கையோடு வந்தாள். இருந்ததே அவ்வளவுதான், ராத்திரிக் கஞ்சிக்கு வைத்தது. கூக்கா ஒரு கண்ணாடிக் குப்பியை நிரப்பினார். இன்னொன்றையும் நிரப்பினார்.

"நல்ல மாதிரி இது. ரொம்ப நன்றிம்மா."

"நாளைக்கு வரட்டுங்களா?"

"அதான் சொன்னேனே."

குடுக்கையின் அடியில் பத்துப் பதினைந்து மணிகள் ஒட்டியிருந்தன. அவள் குடுக்கையைச் சாய்த்துப் பிடிக்க, அவர் இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாக, ஒன்றும் சிந்தாமல் எடுத்துப் பஞ்சின்மேல் வைத்தார்.