எட்டு இல்லாத எண்

பதினாறு வருஷமா அச்சகத்துல ப்ரூஃப் பார்க்கிறேன். ஒரு கமா விட்டுப்போனாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் திமிர்தான் என் தங்கச்சி பிழைப்புல மண்ணைப் போடப் பார்த்துச்சு.

சின்னவ கணக்கு டீச்சர். வேலை தற்காலிகம். ஒரே ஒரு எண்ணைப் பத்தி, பிள்ளைங்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்துல ஒரு புத்தகம் எழுதியிருந்தா. அதைப் பார்த்துட்டுத்தான் அவளை நிரந்தரமாக்கறதா வேண்டாமான்னு தலைமையாசிரியை முடிவு பண்றதா இருந்தாங்க.

புத்தகம் எங்க அச்சகத்துக்கே வந்துச்சு. முதல் பக்கத்துல 12345679. எனக்குச் சிரிப்பு தாங்கல. டீச்சரம்மா எட்டைக் கோட்டை விட்டுட்டாங்களே! கேட்டா வெட்கப்படுவாளேன்னு, அந்த எண் வந்த ஏழு இடத்துலயும் நானே எட்டைச் சேர்த்து அச்சுக்கு விட்டுட்டேன். கீழே இருந்த பெருக்கலைப் போட்டுப் பார்க்கத் தோணல. கணக்குன்னா எனக்குக் காத தூரம். அதோட, சின்ன வயசுல இருந்தே அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். யாராவது அவ பேரைக் கேட்டாக்கூட பதில் என் வாயில இருந்துதான் வரும்.

தலைமையாசிரியைகிட்ட புத்தகத்தைக் காட்ட வேண்டிய அன்னைக்குக் காலையில பிரதி வாங்க வந்தவ, முதல் பக்கத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துட்டா.

"அக்கா, எட்டை யாரு போட்டா?"

"நான்தான். நீ விட்டுட்டியே."

"ஐயோ, அது இல்லாததுதானேக்கா அந்த எண்! ஒன்பதால பெருக்கினா வரிசையா ஒன்பது ஒண்ணு வரும். இலக்கத்தை எல்லாம் கூட்டினா முப்பத்தேழு, அந்த முப்பத்தேழாலயே மீதியில்லாம வகுபடும். இப்ப எதுவுமே வராது."

திரும்ப அச்சடிக்க நேரமில்ல. ஒரு பிரதியில மட்டும் ஏழு எட்டையும் பிளேடால சுரண்டி எடுத்துட்டு, அவகூடவே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

தலைமையாசிரியை சுரண்டின இடத்தைத் தடவிப் பார்த்தாங்க. "உங்க எண்ணே உங்களுக்குச் சரியாத் தெரியலையா டீச்சர்?"

சின்னவ தலையைக் குனிஞ்சா. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரல. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"மேடம், அவ எழுதினது சரி. அதிகப்பிரசங்கித்தனமா எட்டைச் சேர்த்தது நான்."

அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ஒன்பதால பெருக்கிப் பார்த்தாங்க. 111111111. "அடேயப்பா!" உடனே அவகிட்ட, "சரி, எட்டு மட்டும் எங்கே போச்சு?"

வர்ற வழியெல்லாம் அதைத்தான் அவ எனக்குச் சொல்லிட்டு வந்தா. பதில் என் நாக்கு நுனியில நின்னுச்சு. அவளோ பழக்கத்துல என் முகத்தைப் பார்த்தா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"எங்கயும் போகல மேடம்," மெதுவா ஆரம்பிச்சா. "ஒண்ணை எண்பத்தொண்ணால வகுத்தா, புள்ளிக்கு அப்புறம் சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா வரும். பத்து வரும்போது ஒரு கட்டத்துல அது அடங்காது. தன் ஒண்ணை முன்னால இருக்கிற ஒன்பதுக்குத் தள்ளும். ஒன்பது பத்தாகி, தன் ஒண்ணை எட்டுக்குத் தள்ளும். எட்டுதான் மேடம் அங்கே ஒன்பதா நிக்குது."

அப்புறம் அரை மணி நேரம் அவதான் பேசினா. வேலையும் நிரந்தரமாச்சு. அவளுக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.