சகாய பிரியா நிரப்பிய பெட்டி

1
இது நான் யோசித்துப் பிடித்த கதை இல்லை, பேருந்து அரட்டையில் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் என்னோடு வரும் இருதய அருண் சொன்னான். இணையதளம் செய்து கொடுப்பது அவன் தொழில். ‘மழை தூறிக்கொண்டிருந்தது’ என்று முதலில் தொடங்கினேன். எங்கே தூறியது? மண்டையைப் பிளக்கும் வெயில். அதனால் அருண் வைத்த பொறியிலிருந்தே தொடங்குகிறேன்.

திண்டிவனத்தில் சீனுவாசன் நடத்தும் பயிற்சி மையத்துக்கு அவன் ஒரு பதிவுப் படிவம் செய்தான். போலிப் பதிவுகள் குவிந்தன. அவற்றை அனுப்பும் கணினி நிரல்கள் படிவத்தில் அகப்பட்ட பெட்டியை எல்லாம் நிரப்பும். எனவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெட்டியை ஒளித்து வைத்தான். மனிதர் அதைப் பார்க்கமாட்டார், காலியாக விட்டுவிடுவார். அதில் ஏதாவது எழுதியிருந்தால் அனுப்பியது இயந்திரம் என்று கணக்கு. ‘பதிவாகிவிட்டது, அழைக்கிறோம்’ என்று காட்டிவிட்டு, தளம் அதைக் குப்பையில் தள்ளிவிடும். (இதைக் கதையாக எப்படிச் சொல்வது என்று மண்டை காய்ந்தேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.)

2
முண்டியம்பாக்கம் சகாய பிரியாவுக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைப் போன் வாசிக்கும். கேட்டுக்கொண்டே வேலை செய்வார். தொலைபேசியில் பேசும் வேலைக்கான பயிற்சியில் சேர மூன்று முறை பதிந்தார். அழைப்பே வரவில்லை. பாவம், இருட்டில் தடவித் தடவி அந்தப் பெண்... (சே. கோடு போட்டு அடித்துவிட்டேன்.) மையத்துக்கு நேரிலேயே கிளம்பி வந்தார். நீங்கள் பதியவே இல்லை, இடமும் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சீனுவாசன் உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்த அருண் பிரியாவை மறுபடி பதியச் சொன்னான். போன் ஒவ்வொரு பெட்டியாக வாசித்தது, ஒளித்து வைத்ததையும் சேர்த்து. ‘உங்கள் இணையதள முகவரி என்ன?’ என்று அந்த ஒளித்த பெட்டி கேட்டது. ‘இல்லை’ என்று பிரியா எழுதினார்.

அதை எதற்கு நிரப்பினீர்கள் என்று அருண் கேட்டான்.

“கேட்டுச்சுங்க. கேட்டா பதில் சொல்லாம எப்டிங்க போறது?”

அருணுக்கு முகம் செத்துவிட்டது. பெட்டியை அன்றே எடுத்துவிட்டான். (அவனை அழவைக்கலாமா என்று பார்த்தேன். அவன் அழவில்லை.) ஆனால் தப்பு தன்னுடையது என்று சீனுவாசனிடம் வாயைத் திறக்கவில்லை. இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயம்.

3
அருணிடம் எண் வாங்கி, இதுவரை எழுதியதைப் பிரியாவுக்கு அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

“பாவம்னு எழுதிக்கினு இருக்கீங்க. நான் எங்கங்க இருட்டுல தடவுனேன்?”

அதைத்தான் அடித்துவிட்டேனே என்றேன். நான் போட்ட கோட்டை அவர் போன் கண்டுகொள்ளவில்லையாம், அப்படியே வாசித்துவிட்டதாம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. எடுத்துவிடுகிறேன் என்றதற்கு, இருக்கட்டும், எல்லாரும் படிக்கட்டும் என்று சிரித்தார்.

4
முடிவு. ஒன்று: சீனுவாசன் மனமிரங்கி இன்னொரு நாற்காலி போடுகிறார். (நானே நம்பமாட்டேன்.) இரண்டு: பிரியா அடுத்த வகுப்புக்குக் காத்திருக்கிறார். (வயிறு எரிகிறது.) மூன்று: முடிவை வாசகரிடமே...

இன்று பேருந்தில் வரும்போது மூன்றையும் போனில் பிரியாவுக்குப் படித்துக் காட்டினேன். அருண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“படிக்கிறவங்க கையிலயா சீட்டு இருக்குது? சீனுவாசன் சார் கையில இருக்குது. திங்கக்கெழம கிளாஸு ஆரம்பிக்குது. நான் திண்டிவனம் வந்துக்கினு இருக்கேன். அருண் சாரையும் இட்டுக்கினு வாங்க. தப்பு யாருதுன்னு அவரு வாயால சொல்லட்டும்.”

போனை அருணிடம் கொடுத்தேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். “வர்றேங்க” என்றான்.

சீனுவாசனிடம் போய் என்ன சொல்வானோ, எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமை வந்துவிடும். திண்டிவனம் வந்துவிட்டது, அருணோடு நானும் இறங்குகிறேன்.