இருபத்திநாலு பவுண்டு

விஜயா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சோலூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெலிங்டனுக்கு இன்னொன்று. மாரப்பன் வீட்டுப் படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மகள் இந்துமதி முன்னாலேயே ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை விளையாட்டு விடுதிக்கு வில்வித்தையில் ஆள் எடுக்கிறார்கள். தேறினால் சாப்பாடும் படிப்பும் அங்கேயே. தேறாவிட்டால் பிளஸ் டூ முடிந்ததும் எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே வில் போன வாரம் விரிசல் விட்டுவிட்டது.

மாரப்பன் ராணுவத்தில் வில் பயிற்சி கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு பழைய வில் வாங்கி விற்கிறார். இரண்டு வில்லுக்கு நாண் பூட்டி மேசையில் வைத்தார்.

“இது இருபத்திநாலு பவுண்டுங்க, அது முப்பத்திநாலு. நாணை இழுத்துப் பிடிக்க அவ்வளவு பலம் வேணும். விலை ரெண்டும் ஒண்ணுதான். பாப்பாவுக்கு இருபத்திநாலு போதுங்க.”

விஜயாவுக்கு அந்தப் ‘போதும்’ பிடிக்கவில்லை. இருபது வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துத் தராசுக்கு முன்னால் நின்றவள். ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டுக் குறைந்த எண்ணைச் சொல்கிறவரை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.

“விலை ஒண்ணுன்னா நாங்க எதுக்குங்க பத்தைக் கொறைச்சுக்கணும்? பெரிசையே குடுங்க.”

“ம்மா, இது கொழுந்து இல்ல.”

“சும்மா இருடி.” பெரிய வில்லைத் தானே எடுத்து இழுத்தாள். நாண் கன்னம் வரைக்கும் வந்தது.

“விட்டுறாதீங்க! அம்பு இல்லாம விட்டா வில்லு போயிரும்” என்றார் மாரப்பன். மெதுவாகத் தளர்த்திய பிறகு, “பேசாம நீங்களே போட்டிக்குப் போயிருங்க” என்றார். இந்துமதி சிரித்தாள். விஜயா சிரிக்கவில்லை.

“தோள் போன எனக்கே வருது. உனக்கு வராதா?”

இந்துமதி அதே வில்லோடு முற்றத்தில் நின்று வைக்கோல் பலகையைக் குறிபார்த்து அம்பு விட்டாள். முதல் அம்பு நடுவில் ஏறியது. ஐந்தாவதில் முழங்கை தாழ்ந்தது. எட்டாவது பலகையைத் தாண்டி மண்மேட்டில் குத்தியது.

“முதல்ல நல்லாத்தானே போச்சு?”

“சனிக்கிழமை எழுபத்திரண்டு அம்பு விடணும்மா. காலைல கூடை உனக்குக் கனக்குமா? சாயங்காலம் நாலு மணிக்கு?”

நாலு மணி விஜயாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் சீப்பைத் தலை வரை தூக்கவும் கை வராது. வில்லை மகளிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

“சின்னதையே குடுங்க. ஆனா அவ விட்டு நான் பார்க்கோணும்.”

“எத்தனைங்க?”

“எழுபத்திரண்டும்.”

மாரப்பன் வானத்தைப் பார்த்தார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் அம்புக் கூட்டை எடுத்து வந்தார்.

விஜயா படியில் உட்கார்ந்தாள். கீழே ஊட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இந்துமதி திரும்பிப் பார்த்தாள்.

“அடுத்த பஸ் வரும். இது எத்தனையாவது அம்பு?”

“பத்தொம்பது.”

அம்பு எங்கே குத்துகிறது என்று விஜயா பார்க்கவில்லை. மகளுடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.